சரிகைக் கோட்டு மகாராஜா

“பாய், அந்தக் கோட்டைக் கழட்டிக் குடுங்க. துரை கேக்கிறாரு.”

டோபி வடிவேலுவின் மனைவி கண்மணி கொட்டகையின் பின்வாசலில் நின்று இப்படிச் சொன்னபோது, முகைதீன் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றிருந்தார். அவர் நடிகர் இல்லை. நாடக சபையின் உடுப்பு மேஸ்திரி. கோட்டைப் போட்டுக்கொள்ள வேண்டியவர் மகாராஜா வேஷக்காரர் இராமசாமி. ஆனால் போட்டுப் பார்த்தால்தான் சுருக்கம் தெரியும் என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் முகைதீன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். பிறகு அரை மணி நேரம் சுருக்கம் பார்ப்பார்.

“எந்தத் துரை?”

“பெல்லாமி துரை. லைசென்ஸ் ஆபீஸ் துரை. அவர்கிட்ட எழுத்து வேலை பாக்கிற கிராணி ஒருத்தர், மூக்குக்கண்ணாடி போட்டிருப்பாரே, காலையிலேருந்து மூணு தடவை வந்துட்டாரு. கோட்டு எங்கே, கோட்டு எங்கேன்னு ஒரே பாட்டு. வெயில்ல காயுதுன்னு சொல்லிட்டேன்.”

“காலையில அடைமழையாச்சேம்மா!”

“அதைத்தான் அவரும் சொன்னாரு.”

முகைதீன் பொத்தான்களை அவிழ்க்க ஆரம்பித்தார்.

கோட்டு என்றால் சாதாரணக் கோட்டு இல்லை. கருநீலக் கம்பளி. கழுத்திலும் கைமுனையிலும் விரற்கடை அகலத்துக்குத் தங்கச் சரிகை. மார்பில் ஆறு பித்தளைப் பொத்தான்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சிங்கம். பின்னால் சரிகை ஓரம் வைத்த இரண்டு நீண்ட வால்கள், வாலுக்கொரு பொத்தானாக இன்னும் இரண்டு சிங்கம். அதைப் போட்டுக்கொண்டால் கூன் விழுந்தவனும் நிமிர்ந்துவிடுவான்.

அது யாருடைய கோட்டு என்று முகைதீன் இதுவரை வடிவேலுவைக் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் அந்தத் தொழிலின் மரியாதை. சிங்கப்பூர்த் துரைமார் வீட்டு உடுப்புகளை வெளுக்க இரண்டு நாள் ஆகும், காய ஒரு நாள், இஸ்திரிக்கு ஒரு நாள். ஆனால் அவை வீடு போய்ச் சேரப் பத்து நாளாகும். நடுவில் கிடக்கும் ஆறு நாளும் வடிவேலுவின் மூட்டையில் அவை சும்மா தூங்குவதில்லை, வாடகைக்குப் போகும். ஒரு சட்டை கல்யாண மாப்பிள்ளையோடு பெண் வீட்டுக்குப் போகும். ஒரு காற்சட்டை போட்டோ பிடித்து ஊருக்கு அனுப்புகிறவரோடு ஸ்டுடியோவுக்குப் போகும். எது எந்தக் கிழமை யார் உடம்பில் இருக்கும் என்பது வடிவேலுவின் தலைக்குள் மட்டும் இருந்தது. அந்தத் தலை, மைத்துனன் கல்யாணத்துக்காக வியாழக்கிழமையே ஜோகூருக்குப் போய்விட்டது.

“போறப்ப அவர் எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு,” என்றாள் கண்மணி. “சனிக்கிழமை ஆட்டம் முடிஞ்சதும் கோட்டு வந்தாகணும், ஞாயித்துக்கிழமை இஸ்திரி போட்டு வச்சிடுன்னாரு. மத்ததெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது இஸ்திரிப்பெட்டி ஒண்ணுதான்.”

“துரை என்னைக்குக் கேக்கிறாராம்?”

“திங்கக்கிழமை வேணுமாம். ஆனா இப்பவே கண்ணால பாக்கணுமாம். கிராணி அப்படித்தான் சொல்றாரு.”

முகைதீன் ஒரு பெருமூச்சு விட்டார். திங்கட்கிழமைதானே! இன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவருக்குப் பட்டது. அந்த நிம்மதி சரியாக ஒரு நிமிஷம் இருந்தது. அதற்குள் சபையின் முதலாளி சுந்தரம் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்.

சுந்தரம் முன்பு கப்பல் கம்பெனி ஒன்றில் எழுத்து வேலை பார்த்தவர். அங்கே கற்ற இங்கிலீஷை வைத்துக்கொண்டு, சீமையில் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த மகாகவி ஒருவரின் நாடகங்களை ஒவ்வொன்றாகத் தமிழுக்குக் கொண்டுவருவதே தன் பிறவிப் பயன் என்று வேலையை விட்டவர். சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில், எருமைத் தொழுவங்களை ஒட்டி, அத்தாப்புக் கூரை போட்ட கொட்டகை ஒன்றைப் பிடித்து, ‘மனமோகன விநோத சபை’ என்று பலகை மாட்டினார். கதையை மட்டும் மகாகவியிடம் வாங்கிக்கொள்வார், மற்றதையெல்லாம் பால்காரர்களையும் கறிக்கடைக்காரர்களையும் பார்த்து மாற்றிக்கொள்வார். பகைக் குடும்பத்துக் காதலர்களை இரண்டு பால்பண்ணைக்காரர்களின் பிள்ளைகளாக ஆக்கினார். முதல் நாள் அந்தப் பெண் செத்தபோது ஜனங்கள் கொட்டகையை விட்டுப் போக மறுத்தார்கள். அன்றிலிருந்து மனமோகன விநோத சபையில் கதாநாயகி யாரும் சாவதில்லை.

இந்த மாதம், மூன்று மகள்களுக்கு ராஜ்யத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு நடுத்தெருவில் நிற்கும் கிழ மகாராஜாவின் கதை. புயலில் சித்தம் கலங்கி ராஜா உடுப்பைக் கிழித்தெறிய வேண்டும் என்பது மூலக்கதை. கிழித்தால் வடிவேலு உயிரோடு விடமாட்டான் என்பது முகைதீனின் கதை. ஆகையால் போன சனிக்கிழமை முதல் ஆட்டத்தில் ராஜா கோட்டைக் கழற்றி, வால்களைச் சேர்த்து, கைகளை மடக்கி, சுருக்கம் விழாமல் நான்காக மடித்துப் பாறைமேல் வைத்துவிட்டு, அதன் பிறகே பைத்தியமானார். பைத்தியம் முற்றுவதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லையென்று ஜனங்கள் கண்ணீர் விட்டுக் கைதட்டினார்கள்.

“முகைதீன்! அதிர்ஷ்டம் அடிச்சிருச்சுப்பா!” என்றார் சுந்தரம். “மூணு வாரமா நம்ம கொட்டகை லைசென்ஸ் பேப்பரை மேசைக்குள்ள போட்டு வச்சிருந்தாரே பெல்லாமி துரை, அவரே இன்னைக்கு ஆட்டம் பாக்க வர்றாரு! எட்டு மணிக்கு அவருக்கு கிளப்பில சாப்பாடாம். அதனால ஆட்டத்தை அஞ்சு மணிக்கே வச்சுட்டேன். பிடிச்சா இங்கேயே கையெழுத்து. பிடிக்கலைன்னா திங்கக்கிழமை கொட்டகைக்குப் பூட்டு.”

“துரைக்கு... தமிழ் நாடகத்து மேல திடீர்னு என்னங்க ஆசை?”

“நோட்டீஸைப் பார்த்தாராம்! அவரோட கிராணி வாசிச்சுக் காட்டினானாம். ‘அசல் லண்டன் சரிகைக் கோட்டுடன் மகாராஜா தோன்றுவார்’னு போட்டோமில்ல, அந்த வரியை மட்டும் ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னாராம். பாத்தியா, ரசனை!”

முகைதீனுக்கு ரசனை புரிந்துவிட்டது. கண்மணி அவரைப் பார்த்தாள். அவர் கோட்டைப் பார்த்தார்.

“முதலாளி, இன்னைக்கு ராஜாவுக்குக் கோட்டு வேணாமே. பட்டு அங்கவஸ்திரம் ஒண்ணு போட்டா எடுப்பா இருக்கும்.”

“உனக்குப் பைத்தியமா? துரை கோட்டைப் பாக்கத்தானே வர்றாரு! ஆட்டம் முடிஞ்சதும் உன்னை மேடைக்குக் கூப்பிட்டு, இவர்தான் தைச்சவர்னு துரைகிட்ட அறிமுகப்படுத்தப் போறேன். சரிகையை எப்படிப் பிடிச்சே, வாலை எப்படி வெட்டினேன்னு கேட்டார்னா விவரமா சொல்லணும். தயாரா இரு.”

சொல்லிவிட்டு அவர் வந்த வேகத்தில் போய்விட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முகைதீனுக்குத் தைக்கத் தெரியாது. பாசாரில் நாடாவும் பொத்தானும் விற்றுக்கொண்டிருந்தவர் அவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலை கேட்டு வந்தபோது, தஞ்சாவூரில் ஜமீன்தார்களுக்கே தைத்தவன் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். சுந்தரம் நம்பிவிட்டார். அன்றைக்கு வடிவேலு மட்டும் கிடைக்காமல் போயிருந்தால் முதல் வாரமே குட்டு உடைந்திருக்கும். உடையவில்லை. ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் சுந்தரம் மேடையில் வந்து, “இன்றைய உடுப்புகள் அனைத்தும் நமது முகைதீன் அவர்களின் கைவண்ணம்!” என்பார். ஜனங்கள் கை தட்டுவார்கள். நாற்பத்தாறு வயதுவரை முகைதீனுக்காக ஒருவரும் எதற்கும் கை தட்டியதில்லை. அந்தச் சத்தத்துக்காக அவர் எதையும் செய்வார். இன்றைக்கு அதுவும் போகப்போகிறது, கொட்டகையும் போகப்போகிறது, தானும் ஜெயிலுக்குப் போகப்போகிறோம் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது.

“போலீஸ் மாத்தா வந்து விலங்கு போட்டுக் கூட்டிட்டுப் போவான்,” என்றார். “தங்கச்சி, வேற கோட்டு ஏதாவது இருக்கா?”

“ஒண்ணு இருக்கு. செவப்பு. பட்டாளத்துக் கர்னல் துரையோடது.”

“அவரு ஆட்டத்துக்கு வரமாட்டாரே?”

“அவரு வரமாட்டாரு பாய். ஆனா துப்பாக்கியோட அவரு ஆளுங்க வருவாங்க.”

முகைதீன் யோசித்தார். கோட்டு இதுவாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் துரைக்கு அடையாளம் தெரியக்கூடாது. சரிகையை மறைத்துவிட்டால்? மூட்டைக்குள் ராணி வேஷத்துக்கு வைத்திருந்த ஊதாப் பட்டு நாடா கிடந்தது. அதைச் சரிகைமேல் வைத்து ஓரம் தைத்தால் எவனுக்கும் தெரியாது. தைக்க வேண்டும் என்ற இடத்தில் யோசனை தடுக்கி நின்றது.

“நீ தைப்பியா தங்கச்சி?”

“நான் கிழிஞ்சதைக் கிழிஞ்சபடியே இஸ்திரி போடுறவ.”

மூலையில் நோட்டீஸ் ஒட்டுகிற அரிசிக்கஞ்சிப் பசை ஒரு வாளி நிறைய இருந்தது. முகைதீன் பிஸ்மில்லா சொல்லி வாளியைத் தூக்கினார். அரை மணி நேரத்தில் கழுத்து, கைமுனை, வால் என்று சரிகை தெரிந்த இடமெல்லாம் ஊதா நாடா ஒட்டிக்கொண்டது. சிங்கப் பொத்தான்களையும் ஊதாத் துண்டுகளால் மூடினார். நாடா சுருங்கிய இடத்தில் இன்னும் கொஞ்சம் பசை. ஒட்டாத இடத்தில் கோட்டின் உள்பக்கமும் பசை. எட்டி நின்று பார்த்தார். பார்க்க அருவருப்பாக இருந்தது, ஆனால் வேறு கோட்டு மாதிரி இருந்தது.

மழை விட்டு வெயில் அடித்தது. கோட்டைக் கொல்லைப்புறத்து மூங்கில் வேலியில் காயப்போட்டுவிட்டு, நிம்மதியாக ஒரு கோப்பி குடிக்கப் போனார்.

வேலிக்கு அந்தப்பக்கம் எருமைகள் இருந்தன. எருமைகளுக்குக் கஞ்சி என்றால் உயிர்.

அவர் திரும்பி வந்தபோது ஒரு கிழட்டு எருமை, கண்ணை மூடிக்கொண்டு, மிகுந்த மனநிறைவோடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் வாயோரத்தில் ஊதா நாடா தொங்கியது. கோட்டுக்கு ஒரு வால்தான் இருந்தது. முகைதீன் எருமையைப் பார்த்தார். எருமை கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. கடைசி நாடாத் துண்டையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

“தங்கச்சி!” என்று கூவினார். “வாலைத் தின்னுடுச்சு! பொத்தானோட!”

கண்மணி ஓடிவந்து வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“பொத்தான் திரும்ப வெளிய வருமா?” என்றார் முகைதீன்.

“வரும். திங்கக்கிழமைக்குள்ள வருமாங்கிறதுதான் தெரியல.”

மணி நாலரை. கொட்டகையில் ஜனம் சேர்ந்துவிட்டது. முகைதீன் கோட்டை உதறி எடுத்துக்கொண்டு வேஷம் கட்டுகிற அறைக்கு ஓடினார். அங்கே இராமசாமி தாடி ஒட்டிக்கொண்டிருந்தார். இராமசாமி பகலில் டிராம் கண்டக்டர். ராஜ்யத்தைப் பங்கு போடும்போதுகூட டிக்கெட் கிழிக்கிற தோரணையில்தான் கொடுப்பார். ஆனால் குரல் தேக்கா பாசார்வரை கேட்கும்.

“என்ன பாய், கோட்டு ஈரமா இருக்கு?”

“புதுசா மெருகு போட்டிருக்கேன். அப்புறம் ஒரு விஷயம். இன்னைக்கு நீங்க சனங்களுக்கு முதுகைக் காட்டவே கூடாது.”

“ஏன்?”

முகைதீனின் வாய் மறுபடியும் தானாக வேலை செய்தது. “நீங்க மகாராஜா. வீரன். வீரன் புறமுதுகு காட்டலாமா?”

இராமசாமி தாடியை விட்டுவிட்டு எழுந்தார். பிறகு கண்கள் கலங்க முகைதீனின் கையைப் பற்றிக்கொண்டார். “இதை யாரும் எனக்குச் சொல்லலையே பாய்! வேஷத்தோட உயிரே அதுல இருக்கே!”

சரியாக ஐந்து மணிக்குத் துரை வந்தார். ஒல்லியான, வெளுத்த, இளவயதுத் துரை. பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கிராணி அப்துல் காதர். முன்வரிசை நாற்காலியில் துரை உட்கார்ந்ததும் முகைதீன் படுதா இடுக்கு வழியாகப் பார்த்தார். துரையின் வெள்ளைச் சட்டையின் கை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவிலேயே நின்றுவிட்டது. அதை அவர் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். துரைமாருக்கும் தன்னைப்போல ஒரு தையல்காரன்தான் வாய்த்திருக்கிறான் என்று அந்த நிலையிலும் முகைதீனுக்குச் சின்ன ஆறுதல் உண்டாயிற்று.

ஆட்டம் தொடங்கியது. மகாராஜா பின்பக்கமாக நடந்து மேடைக்கு வரவில்லை, அதுவரைக்கும் சரி. ஆனால் மந்திரியைப் பார்க்கத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் கழுத்தை மட்டும் திருப்பினார். சிம்மாசனத்தை நோக்கிப் பின்னோக்கி நடந்தார். சிம்மாசனம் இருந்த இடம் தெரியாமல் மூத்த மகள் மடிமேல் உட்கார்ந்தார். மூத்த மகள் வேஷம் கட்டிய பொன்னுசாமி, “அப்பா, பாசம் தாங்க முடியல,” என்று சமாளித்தார்.

“என்னய்யா இது?” என்றார் சுந்தரம், மேடையோரத்தில்.

“புறமுதுகு காட்டாத ராஜா,” என்றார் முகைதீன்.

சுந்தரம் நெற்றியைத் தடவினார். பார்வையாளர்களைப் பார்த்தார். பால்காரர்கள் விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள். “அடடா,” என்றார் மெதுவாக. “மகாகவிக்கே தோணலையே!”

முகைதீனுக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சு வெளியே போவதற்குள் முதல் நாடா கழன்று விழுந்தது.

அத்தாப்புக் கொட்டகை, நெருக்கியடித்த கூட்டம், கம்பளிக் கோட்டு, அதற்குள்ளே இராமசாமி. அந்தச் சூட்டில் பசை உலர்ந்து உதிராமல் என்ன செய்யும்? மூத்த மகளுக்கு ராஜ்யம் கொடுக்கும்போது கழுத்து நாடா போயிற்று. இரண்டாவது மகளுக்குக் கொடுக்கும்போது வலக்கை நாடா. அவர் முதுகைக் காட்டாததால் ஒவ்வொன்றும் துரையின் கண்ணெதிரே விழுந்தது, ஒவ்வொன்றின் அடியிலிருந்தும் தங்கச் சரிகை மின்னியது. ஒவ்வொரு மின்னலுக்கும் துரை நாற்காலியில் ஓர் அங்குலம் முன்னால் நகர்ந்தார். சிங்கப் பொத்தான் ஒன்று தலை காட்டியபோது கிராணியின் தோளைப் பிடித்து அதைச் சுட்டிக் காட்டினார். கிராணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினார்.

“அடையாளம் கண்டுட்டாரு,” என்றார் முகைதீன்.

“அடுத்து புயல் சீன் வருதில்ல?” என்றாள் கண்மணி. “கோட்டைக் கழட்டி மடிச்சுப் பாறை மேல வைப்பாருல்ல? நீங்க பாறைக்குப் பின்னால படுத்துக்குங்க. வச்சதும் உருவிக்கிட்டு வேலி தாண்டி வந்துடுங்க. நான் வாங்கிட்டு ஓடிடுறேன். துரை பின்னால வந்தாலும் கையில கோட்டு இருக்காது.”

நல்ல யோசனை. முகைதீன் காகிதப் பாறைக்குப் பின்னால் தவழ்ந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

புயல் வந்தது. பட்டப்பகலாக இருந்ததால் பபூன் ஒரு லாந்தரை ஏற்றிக்கொண்டு வந்து மேடையில் வைத்து, “இருட்டாயிடுச்சு!” என்று அறிவித்துவிட்டுப் போனான். தகரம் இடித்தது. மகாராஜா உலகத்தின் நன்றிகெட்டதனத்தைப் பற்றித் தேக்கா பாசார்வரை கேட்கும்படி ஒரு பாட்டுப் பாடினார். பிறகு பொத்தான்களை அவிழ்த்தார். கோட்டைக் கழற்ற ஒரு கையை இழுத்தார்.

கோட்டு வரவில்லை. மத்தியானம் உள்பக்கம் தடவிய பசை அத்தனையும் இப்போது இராமசாமியின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

மகாராஜா இழுத்தார். குனிந்து இழுத்தார். குதித்து இழுத்தார். அவருடைய பைத்தியம் இவ்வளவு தத்ரூபமாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கொட்டகை எழுந்து நின்றது.

“பாய், வரமாட்டேங்குதே!” என்று பாறையிடம் சொன்னார் மகாராஜா.

பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு கோட்டின் வாலைப் பிடித்து இழுத்தது. கூட்டம் ‘ஓ’ என்று அலறியது. இழுத்த வேகத்தில் இராமசாமி ஒரு சுற்றுச் சுற்றினார். அன்று மாலை முதல் முறையாக மகாராஜாவின் முதுகை உலகம் பார்த்தது. வலது பக்கம் ஒரு வால், அதுவும் முகைதீன் கையில். இடது பக்கம் எருமையின் பல்வரிசை.

துரை எழுந்தார். “நோ! நோ!” என்று கத்திக்கொண்டு ஒரே தாவில் மேடை ஏறினார். ராஜாவின் இரண்டு தோள்களையும் பிடித்து நிறுத்தினார். குழந்தைக்குச் சட்டை கழற்றுகிற பக்குவத்தில் கோட்டை அங்குலம் அங்குலமாக உரித்தெடுத்தார். வால் இல்லாத இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

“துரையே நடிக்கிறாரு டோய்!” என்று பின்னாலிருந்து ஒரு பால்காரர் கூவினார். “துவான், அப்படியே அந்த மூணாவது பொண்ணுக்கும் ஒரு நியாயம் சொல்லிட்டுப் போங்க!”

கைதட்டலில் அத்தாப்பு ஓலை உதிர்ந்தது. சுந்தரம் சட்டென்று படுதாவை இறக்கினார்.

படுதாவுக்குப் பின்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள். துரை கோட்டை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். முகைதீன் பாறைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். இனி எந்தப் பசையும் ஒட்டாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆச்சரியமாக, மனம் லேசாக இருந்தது.

“முதலாளி,” என்றார், “எனக்குத் தைக்கத் தெரியாது. ரெண்டு வருஷமா நான் ஒரு உடுப்பும் தைச்சதில்லை. எல்லாம் டோபிகிட்ட வாடகைக்கு எடுத்தது. இந்தக் கோட்டு துரையோடது. தெரிஞ்சே ராஜாவுக்குப் போட்டேன். நாடா ஒட்டினது நான். வாலைத் தின்னது எருமை, ஆனா அதுக்குக் கஞ்சி தடவிக் குடுத்தது நான்தான். உங்களுக்கும் இந்தத் தங்கச்சிக்கும் இதுல சம்பந்தமே இல்லை. என்னைப் பிடிச்சுக் குடுத்துட்டுக் கொட்டகையைக் காப்பாத்திக்குங்க.”

இரண்டு வருஷத்து உடுப்புகளெல்லாம் சுந்தரத்தின் கண்ணுக்கு முன்னால் வரிசையாக நடந்து போயின போலிருந்தது.

“ஒண்ணுகூடவா தைச்சதில்லை?” என்றார் கடைசியில்.

“பொத்தான் தைப்பேன். பொத்தான் நல்லாத் தைப்பேன்.”

“புறமுதுகு காட்டாத ராஜா?”

“அது நான்தான்.”

சுந்தரம் துரையின் பக்கம் திரும்பினார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தமக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் ஒன்று சேர்த்து, இவர் என்னுடைய ஆள், குற்றம் என்னுடையது, ஜெயில் என்றால் நானும் வருகிறேன் என்று சொன்னார். முகைதீனுக்கு அந்தப் பாஷை புரியவில்லை. ஆனால் தோளில் வந்து விழுந்த கை புரிந்தது. இரண்டு வருஷமாகக் கேட்ட கைதட்டலெல்லாம் அதற்கு ஈடாகாது என்று நினைத்துக்கொண்டு அவர் தேம்பினார்.

துரை கோபப்படவில்லை. அவர் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. படுதா இடுக்கு வழியாக வெளியே எட்டிப் பார்த்தார். கிராணியின் காதருகே குனிந்து வெகுநேரம் ஏதோ சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து, காகிதப் பாறையின் மேல் வைத்து, பேனாவால் கையெழுத்துப் போட்டார். லைசென்ஸ். ஒரு வருஷத்துக்கு. அதைச் சுந்தரத்தின் கையில் திணித்து, அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கெஞ்சுகிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

“ஜெயில்னு பாத்தா லைசென்ஸ் குடுக்கிறாரு!” என்றார் சுந்தரம். “காதர், இது என்ன ஐயா கணக்கு? இவர் கோட்டைத்தானே எருமை தின்னிருக்கு?”

அப்துல் காதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இடமும் வலமும் பார்த்தார். குரலை இறக்கினார்.

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கோட்டு துரையோடது இல்லை. டோபிகிட்ட நீங்க அதைச் சனிக்கிழமைக்கு எடுத்தீங்க, திங்கக்கிழமை டான்ஸுக்கு எடுத்தது துரை.”